மூக்குப்பொடி இல்லை, மூக்குக்குப் பொடி

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 41 வயது. பர்மாவில் பெகு பக்கத்தில் ஒரு பருப்பு ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வருடா வருடம் மார்கழி தொடங்கி சித்திரை வரை தும்மல், மூக்கு ஒழுகல், அடைப்பு. லண்டனில் இருக்கும் மைத்துனர், மூக்கில் பீய்ச்சும் பொடி ஒன்றை அனுப்பினார். தூசு உள்ளே போகாமல் தடுக்கும் என்றார். மூக்குப்பொடி மாதிரி நன்றாக உறிஞ்சி இழுத்தேன். முதல் மூன்று நாள் தேவலை. அப்புறம் ஒன்றும் இல்லை, உள்ளே பசை மாதிரி ஒட்டுகிறது. இது உண்மையான சரக்கா, ஏமாற்றா? இதைப் போட்டுக்கொண்டால் மாஸ்க் இல்லாமல் ஆலைக்குள் போகலாமா? என் மகளுக்கும் (9 வயது) தும்மல் உண்டு, அவளுக்குக் கொடுக்கலாமா? இரவில் மூக்கடைப்புச் சொட்டு விட்டால்தான் தூக்கம் வரும், அது இரண்டு வருடமாகப் பழகிவிட்டது. சில நாள் விடியற்காலையில் இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும் உண்டு.
— பெகு வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் பொடியைப் பற்றி. சொட்டு மருந்தைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில், 'மறந்துவிட்டேன்' என்று ஓரத்தில் எழுதியது. நெஞ்சு விசில் அதற்கும் கீழே. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இரண்டு வரிகளைத்தான். ஆனாலும் நீங்கள் கேட்டது பொடியை. முதலில் அதற்கே வருகிறேன்.

என் தாய்மாமா ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இடுப்பு மடியில் ஒரு சின்ன வெள்ளி டப்பி. மெட்ராஸிலிருந்து வந்த பட்டணம் பொடியை இரண்டு விரலால் எடுத்து, கண்ணை மூடி, ஒரே இழுப்பு. உடனே நான்கு தும்மல். 'மண்டை தெளிஞ்சிடுச்சு' என்பார். அது புகையிலை. மூக்கின் உட்தோலை எரித்துத் தும்ம வைப்பதுதான் அதன் வேலை. உங்கள் மைத்துனர் அனுப்பியது அதற்கு நேர் எதிரான சாமான். எரிக்காது, தும்ம வைக்காது, மண்டைக்கு ஒன்றும் ஏற்றாது. பார்க்க இரண்டும் பொடி, அவ்வளவுதான் ஒற்றுமை. நீங்கள் மாமா மாதிரி இழுத்தது முதல் தவறு. பலமாக உறிஞ்சினால் பொடி மூக்கில் நிற்காமல் தொண்டைக்குப் போய்விடும்.

அந்தப் பொடி என்ன பொருள்? மரத்திலும் பருத்தியிலும் இருக்கும் செல்லுலோஸைக் கொஞ்சம் மாற்றிச் செய்தது. ஹைப்ரோமெல்லோஸ் என்று பெயர், பெட்டியில் எச்.பி.எம்.சி. என்றும் போட்டிருக்கும். கண் உலர்ந்து போனவர்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு பலவற்றில் இதே சரக்குதான். சைவ மாத்திரைக் கூடுகளும் இதில் செய்வதுண்டு. மூக்கில் போட்டால் அங்குள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு கூழ் மாதிரி ஆகி, உட்தோலின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. காற்றோடு வரும் துகள் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொள்கிறது. துகளில் இருக்கும் ஒவ்வாமைப் புரதம் கரைந்து தோலுக்குள் இறங்க வேண்டும், அப்போதுதான் தும்மலே தொடங்கும். கூழ் அந்த இறக்கத்தைத் தடுக்கிறது. வீட்டுத் தூசியில் வாழும் தூசுப்பூச்சியின் புரதத்தை வைத்து ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். கூழ் இருந்த இடத்தில் மிகக் கொஞ்சமே ஊடுருவியது. உங்களுக்குப் 'பசை மாதிரி' என்று தெரிந்ததும் அந்தக் கூழ்தான். அளவாகப் போட்டால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. பசை தெரிகிறது என்றால் அமுக்கியது அதிகம்.

அதனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நாசலீஸ் என்ற பெயரில் விற்பது இந்த வகையில் பழையது. பிரிட்டனில் இதை மருந்து என்று விற்பதில்லை, மருத்துவச் சாதனம் என்ற கணக்கில் விற்கிறார்கள். அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் உடம்பில் எதையும் மாற்றாது, வாசலில் திரை கட்டுகிறது. நம் ஊர்ப் பெண்கள் வெயிலுக்குக் கன்னத்தில் தனாக்கா பூசுகிறார்களே, அந்த மாதிரி இது மூக்குக்குள் பூசும் ஒரு பூச்சு. (இதைப் படித்துவிட்டு யாராவது தனாக்காவை மூக்குக்குள் போட்டுப் பார்க்க வேண்டாம். டால்கம் பவுடரும் வேண்டாம், அது நுரையீரலுக்கு ஆகாது.)

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டைச் சொல்கிறேன். 2006-இல் பிரிட்டனில் 97 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு இந்தப் பொடி, பாதிப் பேருக்குப் போலிப் பொடி, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. பருவம் முடிந்து பார்த்தால் தும்மல், ஒழுகல் கணக்கில் இரண்டு அணிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் உண்மைப் பொடி போட்டவர்கள் கூடவே விழுங்கிய மாத்திரைகளும் அடித்துக்கொண்ட மருந்துகளும் குறைவு. இதைக் கேட்டு ஒருவர் 'பார்த்தீர்களா, பயனில்லை' என்பார், இன்னொருவர் 'குறைந்த மருந்தில் அதே நிலையில் இருந்தார்களே, அது பயன்தானே' என்பார். நான் இரண்டாமவர் பக்கம், ஆனால் அடித்துப் பேச மாட்டேன். அடுத்தது 2011-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு. 8 முதல் 18 வயது வரை 53 பிள்ளைகள், பிர்ச் மர மகரந்த காலம். அதில் மூக்குத் தொந்தரவு தெளிவாகவே குறைந்தது.

பிர்ச் மரம் நம் பெகுவில் கிடையாது. அந்தப் பிள்ளைகளின் மூக்குக்கு வந்தது வசந்த காலக் காற்றில் மிதந்த மகரந்தம். உங்கள் மூக்குக்கு வருவது உளுந்துத் தோல், துவரை உமி, சாக்குப் பூஞ்சை, டீசல் புகை. இதை ஒரே 'தூசு' என்று எழுதிவிட்டீர்கள். மூக்குக்கு அது ஒன்றல்ல, அளவைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வழி.

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் 50, 70 மைக்ரான் இருக்கும். மகரந்தம் பெரும்பாலும் 15-லிருந்து 60 வரை. தூசுப்பூச்சியின் எச்சம் 10-லிருந்து 40 வரை. 10 மைக்ரானுக்கு மேல் உள்ளதில் பெரும்பகுதியை மூக்கே பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்தப் பெரிய துகள்கள்தான் பொடிக்குத் தோதான எதிரி, ஏனென்றால் அவை எப்படியும் மூக்கில்தான் இறங்கப் போகின்றன. ஆலையில் சலிக்கும்போது கண்ணுக்குத் தெரிந்து பறக்கிறதே உமி, அது இந்தக் கட்சி. ஆனால் ஈரச் சாக்கில் பிடிக்கும் பூஞ்சை விதை 2, 3 மைக்ரான்தான் இருக்கும், மூக்கைத் தாண்டி நெஞ்சுக்கே போகும். கரண்ட் போனதும் ஓட்டுகிறீர்களே ஜெனரேட்டர், அதன் புகைத் துகள் ஒரு மைக்ரான்கூட இல்லை. மாசி, பங்குனியில் அறுத்த வயலைக் கொளுத்தும் புகையும் அப்படியே. பி.எம். 2.5 என்று காற்று மாசுக் கணக்கில் சொல்வது இந்தச் சின்னக் கூட்டத்தை. அது மூக்குச் சுவரில் மோதாமல் காற்றோட்டத்தின் நடுவிலேயே வளைந்து உள்ளே போய்விடும். சுவரில் பூச்சு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? டீசல் புகையில் இருக்கும் வாயுக்களைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். அதோடு மூட்டை எண்ணும்போது கத்திப் பேசுவீர்கள், வாயால் மூச்சு விடுவீர்கள். வாய்க்குப் பொடி கிடையாது.

ஆகவே இரண்டாவது கேள்விக்குப் பதில்: மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. பொடி மாஸ்க்குக்குப் பதில் இல்லை. வேண்டுமானால் மாஸ்க்குக்குள் இன்னொரு திரை. லுங்கித் துணியை மூக்கில் கட்டிக்கொள்வது உமியைத் தடுக்கும், பூஞ்சையையும் புகையையும் தடுக்காது. என்95 வகை மாஸ்க் 0.3 மைக்ரான் அளவுத் துகளிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைப் பிடிக்கிறது, ஆனால் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். மூன்று நாள் தாடி இருந்தாலே ஓரம் வழியாகக் காற்று போகும். வெயிலில் மூச்சு முட்டுகிறது என்கிறீர்கள், நியாயம்தான். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், நாள் முழுவதும் உடைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. மேசையைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். மூட்டை பிரிக்கும் நேரம், சலிக்கும் நேரம், மாலையில் பெருக்கும் நேரம், இந்த மூன்று வேளைக்கு மட்டும் மாஸ்க்கை விடாமல் போடுங்கள். பெருக்குவதற்கு முன்னால் தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கச் சொன்னால் பாதித் தூசு எழும்பவே எழும்பாது. முதலாளி எதற்கு மறுத்தாலும் ஒரு வாளித் தண்ணீருக்கு மறுக்க மாட்டார்.

ஒரு சின்னக் கதை. மகரந்தத்தால்தான் இந்தத் தும்மல் வருகிறது என்று சோதித்துக் காட்டியவர் மான்செஸ்டரில் இருந்த சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர். 1873-இல் எழுதி வெளியிட்டார். அவருக்கே அந்தத் தொல்லை உண்டு. மகரந்தத்தைத் தன் மூக்கிலேயே போட்டுப் பார்த்தார். உயரத்தில் எவ்வளவு மகரந்தம் பறக்கிறது என்று பார்க்கப் பட்டம் விட்டார், பட்டத்தில் பசை தடவிய கண்ணாடித் தகடு. காற்றில் வருவது பசையில் ஒட்டும் என்பதுதான் அவர் பிடித்த நூல். உங்கள் பொடியும் அதே வேலையைத்தான் செய்கிறது, வானத்துக்குப் பதில் மூக்குக்குள்.

சரி, இப்போது அந்த ஓரத்து வரி.

சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்ற பெயரில் வரும் மூக்கடைப்புச் சொட்டு மருந்துகள் ஐந்து நாளைக்கு, மிஞ்சினால் ஒரு வாரத்துக்கு. நீங்கள் இரண்டு வருடமாக விடுகிறீர்கள். இது வீங்கிய இரத்தக் குழாய்களைப் பிடித்துச் சுருக்குகிறது, மூக்கு சட்டென்று திறக்கிறது. பிடி விட்டதும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்குகின்றன. மறுபடி சொட்டு. நாளாக நாளாகத் திறந்திருக்கும் நேரம் குறையும், சொட்டு எண்ணிக்கை கூடும். உங்கள் மூக்கை இரவில் அடைப்பது ஆலைத் தூசு இல்லை தம்பி, பெரும்பாலும் அந்தச் சொட்டுதான். என்னிடம் வருகிறவர்களில் மூக்கடைப்பு என்று சொல்லி உட்காரும்போதே சட்டைப் பையிலிருந்து அந்தப் புட்டியை எடுத்து மேசையில் வைப்பவர்கள் அதிகம். கைப்பேசியை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள்.

பொடி மூன்று நாளில் 'செத்துப்போனது' ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது. அடைத்துக் கிடக்கும் மூக்கில் பொடி உள்ளே போக வழி ஏது? முன்வாசலிலேயே விழுந்து கட்டியாகிறது. பின்னால் இருக்கும் தோல் அப்படியே வெறுமையாக நிற்கிறது. வீக்கத்தை வடித்த பிறகுதான் திரை கட்ட முடியும்.

எப்படி விடுவது? ஒரேயடியாக விட்டால் இரண்டு மூன்று இரவு நரகம், நான்காவது இரவு பழைய புட்டியைத் தேடுவீர்கள். நான் சொல்லும் வழி இது. முதலில் டாக்டரைப் பார்த்து மூக்குக்குள் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே வாங்குங்கள், புளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன். தொடர்ந்த ஒவ்வாமை மூக்குக்கு உலகம் முழுக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் முன்னால் வைப்பது இந்த வகையைத்தான், பொடியை இல்லை. 'ஸ்டீராய்டா?' என்று பயப்படாதீர்கள், மூக்கில் அடிக்கும் அளவு மிகக் கொஞ்சம், இரத்தத்தில் சேர்வதும் மிகக் கொஞ்சம். ஆனால் சொட்டு மாதிரி ஐந்து நிமிடத்தில் திறக்காது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். தினமும் அடிக்க வேண்டும், இன்று நன்றாக இருக்கிறது என்று விடக் கூடாது. அடிக்கும்போது நுனியை மூக்கின் நடுச்சுவர் பக்கம் காட்டாமல் வெளிப்பக்கம், அந்தப் பக்கத்துக் காதை நோக்கிக் காட்டுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை என்று வைத்துக்கொண்டால் தானாகவே சரியாக வரும். நடுச்சுவரிலேயே அடித்துக்கொண்டிருந்தால் இரத்தம் கசியும்.

ஸ்பிரே தொடங்கி ஒரு வாரம் கழித்து, வலது மூக்கில் மட்டும் சொட்டை நிறுத்துங்கள். இடது மூக்குக்கு இரவில் ஒரு முறை மட்டும் விடலாம். ஒரு பக்கம் திறந்திருந்தால் தூங்கிவிடலாம், அதுதான் இதில் உள்ள தந்திரம். வலது பக்கம் தானே மூச்சு விடத் தொடங்கியதும், வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில், இடதிலும் நிறுத்துங்கள். முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் திரும்பிப் போங்கள், சில நாளைக்கு வேறு மருந்து சேர்க்க வழி உண்டு. உங்களுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறதா என்று எழுதவில்லை. ஒரு முறை பார்த்துவிடுங்கள், இந்தச் சொட்டு அதையும் ஏற்றக் கூடியது.

ஷூஸே குச்சியைப் பற்றியும் யாராவது கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே பஸ்ஸில் பாதிப் பேர் கையில் அந்த மென்தால் டப்பி இருக்கும். முகர்ந்ததும் மூக்கு திறந்த மாதிரி இருக்கிறதே, உண்மையில் திறப்பதில்லை. மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தட்டுகிறது, மூளை அதைக் காற்றோட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. அளந்து பார்த்தால் போகும் காற்று அதேதான். கெடுதல் பெரிதாக இல்லை, முகர்ந்துகொள்ளுங்கள், சிகிச்சை என்று மட்டும் நினைக்காதீர்கள். தும்மலுக்குக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் மஞ்சள் மாத்திரை, குளோர்பெனிரமின், அதைத்தான் ஆலை நாளில் வேண்டாம் என்பேன். தூக்கம் வரும். சுற்றிலும் பெல்ட் ஓடும் இடத்தில் தூக்கக் கலக்கம் கூடாது. செட்டிரிசின் அல்லது லொராட்டடின் கேளுங்கள்.

மாலையில் ஆலையிலிருந்து வந்ததும் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவதைப் பழகிக்கொள்ளுங்கள். பொடியைவிட மலிவு, எனக்கு அதைவிடப் பிடித்ததும்கூட. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, தேக்கரண்டியால் தலை தட்டி ஒன்றரை. தண்ணீர் கட்டாயம் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. அரிதாக அதில் இருக்கும் ஒரு வகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போய் உயிரையே எடுத்திருக்கிறது. குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. கழுவிய பிறகு ஸ்பிரே, ஸ்பிரேக்குக் கால் மணி நேரம் கழித்துத்தான் பொடி. மருந்து முதலில், திரை அப்புறம். திரையைக் கட்டிவிட்டு மருந்தை அடித்தால் மருந்தையும் அது தடுத்துவிடும்.

பாட்டி வைத்தியமாக மூக்கில் நல்லெண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. துவாரத்தின் விளிம்பில் விரலால் தடவிக்கொண்டால் தவறில்லை. வாசலின் தடவினாலும் அதே பலன், பிரிட்டன் அரசு மருத்துவச் சேவைகூட மகரந்த காலத்தில் அதைச் சொல்கிறது. ஆனால் மல்லாந்து படுத்துச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடாதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நாளடைவில் ஒரு வகை நிமோனியாவைக் கொண்டுவரும்.

பொடியைப் போடும் விதம்: மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். புட்டியைக் குலுக்கி, நுனியை ஒரு துவாரத்தில் வைத்து, மறுதுவாரத்தை விரலால் மூடி, ஒரே ஒரு அமுக்கு. அமுக்கும்போது பூவை முகர்கிற அளவுக்கு மெல்ல மூச்சு இழுங்கள், மாமாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆலைக்குள் நுழைவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போட வேண்டும். தும்மல் வந்த பிறகு போட்டால் திருடன் போன பிறகு கதவைச் சாத்துவதுதான். நம் மூக்குத் தோலில் இருக்கும் நுண்ணிய ரோமங்கள் வினாடிக்குப் பத்து முறை போல அசைந்து சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன, கூழும் அதோடு மெல்ல நகர்ந்துவிடும். அதனால் ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு முறை, மூக்கைச் சிந்தினால் உடனே மறுபடியும். விழுங்கியது வயிற்றுக்குப் போனால் கவலையில்லை, ஜீரணமாகாமல் போய்விடும். மழைக்காலத்தில் புட்டியைத் திறந்து வைக்காதீர்கள். நானே ஒரு ஆடி மாதம் திறந்து வைத்துவிட்டு, மறுநாள் அமுக்கி அமுக்கிப் பார்த்து, கடைசியில் வந்தது ஒரு சின்ன உருண்டை. இன்னொன்று, பூண்டுப் பொடி கலந்த வகையும் சளிக்கு என்று வருகிறது. உங்களுக்கு வேண்டியது அது இல்லை, பெட்டியைப் படித்துப் பாருங்கள்.

மகளுக்கு? சுவீடன் ஆய்வில் எட்டு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று சொன்னேன், ஆகவே வயது தடையில்லை. உங்கள் புட்டியையே அவள் மூக்கில் வைக்காதீர்கள், தனிப் புட்டி வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு வாரம் ஒன்றைக் கவனியுங்கள். அவள் தும்முவது எப்போது? நீங்கள் ஆலையிலிருந்து வந்து அவளைத் தூக்கிய பிறகா? அப்படியென்றால் ஆலைத் தூசு உங்கள் சட்டையில் ஏறி வீட்டுக்கு வருகிறது. கதவுக்கு வெளியிலேயே சட்டையையும் லுங்கியையும் மாற்றி, தலையைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். விடியற்காலை எழுந்ததும் தும்மினால் தலையணையைச் சந்தேகப்படுங்கள். உறைகளை வாரம் ஒரு முறை நல்ல சூட்டுத் தண்ணீரில், 60 டிகிரி இருந்தால் தூசுப்பூச்சி சாகும், அலசி வெயிலில் போடுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைக்குத் தும்மினால் சாமி கோபிக்காது, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த விசில். தம்பி, மூக்கு விசில் அடிக்காது, அது நெஞ்சு. விடியற்காலை இருமலும் விசிலும் சேர்ந்து வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். தானிய வேலையில் இருப்பவர்களுக்குத் தூசு, பூஞ்சை, பருப்பில் விழும் வண்டு, சேமிப்புப் பூச்சி என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. முதலில் மூக்கு, அப்புறம் நெஞ்சு என்ற வரிசையில்தான் இது பலருக்கும் இறங்குகிறது. பொடியும் சொட்டும் இங்கே எட்டாது. நெஞ்சு மருத்துவரை இந்த மாதமே பாருங்கள். பேச முடியாத அளவு மூச்சு முட்டினாலோ உதடு நீலமானாலோ மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. ஒரே பக்கம் மட்டும் மூக்கு அடைத்து இரத்தம் வந்தாலும் உடனே காட்டுங்கள்.

மருத்துவரிடம் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்னக் குழாயைக் கேளுங்கள். வேகமாக ஊதினால் எவ்வளவு காற்று தள்ளுகிறீர்கள் என்று எண்ணைக் காட்டும். காலை எழுந்ததும், ஆலையில் மதியம், வீட்டுக்கு வந்ததும், படுக்கும் முன்பும் என்று நாளுக்கு நான்கு முறை ஊதி எழுதுங்கள். கணக்கு எழுதுகிற கை, உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் தீஞ்சான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, ஆலை பத்து நாள் மூடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நாளும் விடாமல் ஊதி எழுதுங்கள், தண்ணீர் விளையாடப் போகிற நாளிலும். விடுமுறையில் எண் ஏறி, ஆலை திறந்த வாரத்தில் இறங்கினால், எதனால் என்று மருத்துவருக்கு அந்த நோட்டே சொல்லிவிடும். நோட்டை அவரிடம் காட்டிவிட்டு, அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.